விண்வெளிக் குடிசை நகருக்குத் தட்டைக் கூரையா, சாய்வுக் கூரையா?

கும்பகோணத்துப் பகடை:
மேசைமேல் சிற்றுருவங்களை நகர்த்தி நம் குழு ஆடும் மேசைப்போர் ஆட்டங்களுக்காக, 28 மி.மீ. உயர உருவங்களுக்குப் பொருந்தும் எதிர்காலத் தகரக் குடிசை நகரம் ஒன்றைக் கட்டவிருக்கிறோம். வேலையைப் பங்கிடுவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: எல்லாக் கூரைகளும் தட்டையாகவே இருக்கட்டும். 25 மி.மீ., 32 மி.மீ. வட்டப் பீடங்களில் நிற்கும் உருவங்கள் சாய்வில் சறுக்கும். உலோக உருவம் தலைகுப்புற விழுந்தால் பல மணி நேரம் தீட்டிய வண்ணம் உரிந்துவிடும். கூரைக்குக் கூரை தாவுவதும் மேலிருந்து குறிபார்ப்பதும்தான் இவ்வகை ஆட்டத்தின் உயிர். அதற்கு இடம் தராத குடிசை, எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரியில் வைக்கத்தான் உதவும்.

நாகைத் தகரக்கூரை:
இதற்கு நான் உடன்படவில்லை. எல்லாவற்றையும் தட்டையாகக் கட்டினால் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் இருக்குமே தவிர, மனிதர்கள் கிடைத்ததைக் கொண்டு கட்டிக்கொண்ட ஊராகத் தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு எங்கள் பகுதியில் எழுந்த கொட்டகைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்த ஒற்றைச் சாய்வு. தகரத்தின் மேல் பழைய டயர், மணல் மூட்டை, உடைந்த செங்கல். குறுக்கே இழுத்துக் கட்டிய நைலான் கயிறு. பலமான காற்று இலேசான கூரையை மேல்நோக்கி உறிஞ்சித் தூக்கும் என்பதால்தான் இவ்வளவு பாரமும்.

துருவையும் எண்ணிப் பாருங்கள். தகரத்தில் ஆணியை நெளிவின் மேட்டில்தான் அடிப்பார்கள். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். துரு அந்த ஆணித் துளையிலும் வெட்டிய விளிம்பிலும் தொடங்கிப் பள்ளம் வழியே கீழிறங்கும். தட்டைக் கூரையில் அது எந்தப் பக்கம் இறங்கும்? நம்மில் பலர் தூரிகை போன போக்கில் பழுப்பை அப்பிவிட்டு அதைத் துரு என்கிறோம்.

கும்பகோணத்துப் பகடை:
நாகைக் கடற்கரையை அப்படியே படியெடுக்கும்படி யாரும் கேட்கவில்லை, ஐயா. இவ்வகை ஆட்டங்களுக்கு முன்மாதிரியாகப் பலரும் கொள்ளும் நெக்ரோமுண்டா என்ற மேசைப்போர் ஆட்டத்தை, கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. அதன் களம் மாபெரும் அடுக்கு நகரம் ஒன்றின் அடித்தளம். அங்கே வானமும் இல்லை, மழையும் இல்லை, புயலும் இல்லை. ஒருவர் வீட்டுக் கூரை மேலே குடியிருப்பவருக்குத் தரை. தரை சாய்வாக இருக்குமா?

நாகைத் தகரக்கூரை:
திறந்த வெளியில் அமைந்த கோள் என்றால், காற்றே இல்லாத இடத்தில் ஓட்டைத் தகரத்துக்குள் எவரும் உயிர்வாழ முடியாது. ஆகவே குடிசை இருந்தால் காற்று இருக்கிறது, காற்று இருந்தால் கூரைக்குப் பாரமும் வேண்டும். மூடிய நகரம் என்றாலோ தலைக்கு மேல் நூறு குழாய்கள் ஓடும். அவற்றில் ஒழுகுவதை வடிப்பதற்காவது தகரத்தையோ தார்ப்பாயையோ சாய்த்துத்தான் கட்டுவார்கள். தங்களுடைய ஆட்ட நியாயத்துக்கே வருகிறேன்: வெறும் தட்டைக் கூரையில் நிற்கும் வீரனுக்கு மறைவிடம் ஏது? நான் சொன்ன டயரும் மணல் மூட்டையும் அவனுக்குத் தடுப்புமாகும், பீடம் சறுக்காமல் முட்டி நிற்கும் படியுமாகும்.

திருவையாற்றுத் தூரிகை:
கூரை எப்படிச் சாய்ந்தாலும், பார்சல் அட்டையின் மேல்தாளை உரித்து நெளிதகரம் என்று ஒட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 28 மி.மீ. உருவம் உண்மை மனித அளவில் ஏறத்தாழ 56இல் ஒரு பங்கு. உண்மைத் தகரத்தில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் வழக்கமான இடைவெளி 76 மி.மீ.; நம் அளவில் அது 1.4 மி.மீ.கூட வராது. அட்டைப்பெட்டியின் நெளிவிலோ அந்த இடைவெளி 6 முதல் 8 மி.மீ., அதாவது நம் குடிமக்கள் கண்ணுக்கு ஏறத்தாழ முழங்கால் உயர அளவுக்கு அகன்ற அலை. ஹார்டுவேர் கடையில் 8 மி.மீ. திரெட் ராடு, அதாவது நீளம் முழுவதும் மரை வெட்டிய கம்பி, ஒன்று வாங்குங்கள். அதன் மரை இடைவெளி பொதுவாக 1.25 மி.மீ. உணவு பார்சல் வரும் அலுமினியத் தட்டைச் சீராக வெட்டி, பழைய ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, ராடை அழுத்தி உருட்டினால் அசல் தகரமே வந்துவிடும்.

சுவருக்குத் தெர்மாகோல் எடுப்பவர்கள், ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் கலந்து முழுவதும் பூசிக் காயவிடாமல் ஸ்ப்ரே பெயிண்டைத் தொட வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தஞ்சாவூரில் பெரிய கோயில் மாதிரிகளைச் செதுக்கும் நெட்டி என்ற நீர்ச்செடித் தக்கைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் உருவங்கள் ஏறி இறங்கும் தரைக்கு அது தாங்காது. சாளரம், பலகை, தட்டி போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கும்பகோணத்துப் பகடை:
திரெட் ராடு யோசனை அருமை. டயர்த் தடுப்பையும் ஏற்கிறேன். சாய்வை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. மயிலாடுதுறை ஆட்டத்துக்கு இவ்வளவையும் பேருந்தில் தூக்கிச் செல்லப்போவது நான்தான். தட்டையானவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். சாய்வுக் கூரை அட்டைப்பெட்டியில் பாதியை வெற்றிடமாக்கிவிடும்.

நாகைத் தகரக்கூரை:
வீட்டுக்குள்ளும் சண்டை நடப்பதால் கூரைகளை எப்படியும் கழற்றும்படிதானே செய்யப்போகிறோம்? எல்லாக் கூரைகளையும் ஒரே கோணத்தில் வெட்டினால், டயர்களைத் தனியே வைத்துவிட்டு, தகரங்களை ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி அடுக்கலாம். கூரை நீங்கிய சுவர்ப்பெட்டிகளில் சிறியதைப் பெரியதற்குள் இறக்கிவிடலாம். தங்கள் முறையைவிட இடம் மிச்சமாகுமே தவிரக் குறையாது.

கும்பகோணத்துப் பகடை:
அப்படியானால் 10 பாகைக்கு மேல் ஒரு கூரையும் போகக் கூடாது. சந்தைத் திடலைச் சுற்றியுள்ள நான்கு வீடுகளும் அவற்றை இணைக்கும் நடைபாலங்களும் தட்டையாகவே இருக்கும். சண்டை மும்முரமாக நடப்பது அங்கேதான் என்பதால் அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோணத்துக்கான அட்டை வார்ப்புருவைத் தாங்களே வெட்டி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.