40 வயசுக்கு மேல கார் பழகணும்: நல்ல மாஸ்டரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி (சரவணம்பட்டி, கோவை)
வயசு 43. எல்எல்ஆர் வந்தாச்சு. பக்கத்துல யாராவது சத்தம் போட்டா கிளட்ச் எது, பிரேக் எதுன்னே மறந்துடுது. விசாரிச்ச டிரைவிங் ஸ்கூல் எல்லாமே ஒரே மாதிரி பேசறாங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்ங்க?

பதில் 1
ஸ்கூலை விடுங்க, உங்க பக்கத்துல உட்காரப் போற மாஸ்டர் யாருன்னு பாருங்க. முழுப் பணமும் கட்டாம ஒரு கிளாஸ் மட்டும் போங்க. கவனிக்க வேண்டியது அவரோட கால். டூயல் கண்ட்ரோல் வண்டியில, அதாவது மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கிற வண்டியில, அவர் மிதிச்சா உங்க பெடலும் சேர்ந்து இறங்கும். நீங்க அழுத்தாமலே காலுக்குக் கீழ பெடல் இறங்கிப் போனா, வண்டியை ஓட்டறது அவர்தான். முதல் ரெண்டு நாள் பரவாயில்லை. ஒரு வாரம் கழிச்சும் அப்படியே இருந்தா, சொந்த வண்டியில சிக்னலுக்கு சிக்னல் ஆஃப் ஆகும். "காலை எடுத்துடுங்க சார், ஆஃப் ஆனா நானே ஸ்டார்ட் பண்றேன்"னு கேளுங்க. முகம் சுளிக்காம சம்மதிக்கிறவரை விட்டுடாதீங்க. சும்மா சும்மா ஸ்டியரிங்கை இழுக்கிறவர், கத்தறவர், ரெண்டு பேருமே உங்களுக்கு வேண்டாம்.

பதில் 2
"ஸ்டியரிங் என் கையில தினம் எத்தனை நிமிஷம்?" இதைக் கேட்காம பணம் கட்டாதீங்க. ஒரே வண்டியில நாலு பேரை ஏத்திட்டு, பின்சீட்ல உட்கார்ந்திருக்கிற நேரத்தையும் கிளாஸ் கணக்குல சேர்க்கிறது சகஜம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்படி காருக்கு 21 நாள் பயிற்சி, அதுல குறைஞ்சது 10 மணி நேரம் நீங்களே ஓட்டியிருக்கணும். அரை மணிக்குக் கம்மின்னா பதட்டம் அடங்கறதுக்குள்ள இறங்க வேண்டியதுதான். எல்எல்ஆர் 6 மாசம் செல்லும், அவசரமே இல்லை. காலைல 6 மணி பேட்ச் கேளுங்க.

பதில் 3
முதல் நாளே அவிநாசி ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறவர் வேண்டாம். நல்ல மாஸ்டர் முதல்ல சீட்டை சரி பண்ணுவார்: கிளட்சை முழுசா மிதிச்ச பிறகும் முட்டி லேசா மடங்கியிருக்கணும். அப்புறம் காலி கிரவுண்டுல, ஆக்சிலரேட்டரைத் தொடாம, ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்சை மட்டும் மெல்ல விடச் சொல்வார். இன்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கும், பானெட் லேசா அதிரும். அங்கேயே காலை நிறுத்துங்க. சமதரைன்னா வண்டி தானா ஊர்ந்து போகும். அந்த இடத்துல பயந்து காலை வெடுக்குனு எடுக்கிறதாலதான் வண்டி குலுங்கி ஆஃப் ஆகுது. இதை இருபது தடவை செய்ய விடுற பொறுமை அவருக்கு இருக்கான்னு பாருங்க.

கேள்வி கேட்டவர்
ரொம்ப நன்றிங்க. வீட்டு வண்டியிலயே ஆரம்பிச்சா?

பதில் 1
வேண்டாம்ங்க, அதுல மாஸ்டர் பக்கம் பிரேக் கிடையாது. ஸ்கூல் வண்டியில 10 மணி நேரம் முடிச்சிட்டு வாங்க. அப்பவும் எல் போர்டு கட்டணும், பக்கத்துல லைசென்ஸ் இருக்கிறவர் உட்காரணும். கிளட்ச் பிடிக்கிற உயரம் வண்டிக்கு வண்டி மாறும். அதனால முதல்ல கிரவுண்டுல கால் மணி நேரம் அதை மட்டும் பழகிட்டு ரோட்டுக்கு எடுங்க.