விறகு வேகமாகத் தீர்கிறது, கண்ணாடி கறுக்கிறது, அறை மட்டும் சூடாவதில்லை

புதுத்தணல்:
கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு விறகடுப்பு வாங்கி இது இரண்டாவது குளிர்காலம். விறகை மிச்சம் பிடிக்கலாம் என்று, தீ பற்றிய கொஞ்ச நேரத்திலேயே காற்றுத் திறப்பை முக்கால்வாசி மூடிவிடுகிறேன். படுக்கும் முன் இரண்டு பெரிய கட்டைகளைப் போட்டு முழுக்க மூடுவேன். காலையில் தணல் கிடக்கும், ஆனால் அறை குளிர்ந்துதான் இருக்கும். மூன்றே நாளில் கண்ணாடி கறுத்துவிடுகிறது. கதவைத் திறந்தால் புகை உள்ளே வந்து அம்மாவுக்கு இருமல். விறகு நான்கு மாதம் முன்பு வெட்டியது. மழை படாமல் தார்ப்பாயால் நன்றாகச் சுற்றி வைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

கோடாலிக்காம்பு:
பதினோரு வருடமாக விறகில்தான் வீட்டைச் சூடாக்குகிறேன். முதல் இரண்டு வருடம் நானும் இப்படியே மூடி மூடி எரித்தேன். ஒரு ராத்திரி புகைபோக்கிக்குள் பெரிய உறுமல் கேட்டது. உள்ளே படிந்திருந்த தார் தீப்பிடித்துவிட்டது. காற்றை அடைத்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, தீயணைப்புக்குப் போன் செய்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அது விடும் வாயுவில் இருக்கிறது. அந்த வாயு எரிய நல்ல சூடும் காற்றும் வேண்டும். காற்றை மூடினால் அது எரியாமல் புகையாகப் போகிறது, குளிர்ந்த குழாயில் தாராக ஒட்டுகிறது. நீங்கள் மிச்சம் பிடிக்கும் விறகு புகைபோக்கி வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

விறகும் காயவில்லை என்று நினைக்கிறேன். பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கும். அது ஆவியான பிறகுதான் உங்களுக்குச் சூடு. ஈரம் 20 சதவீதத்துக்குள் வர, பிளந்து அடுக்கி ஒன்றிரண்டு வருடம் ஆகும். தார்ப்பாயைப் பக்கங்களில் எடுத்துவிடுங்கள், மேலே மட்டும் மூடினால் போதும். காற்றுதான் விறகைக் காயவைக்கும். ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி, கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்புறம் பொய் சொல்லும்.

பற்றவைக்கும்போது பெரிய கட்டைகள் அடியில், சிறியவை மேலே, உச்சியில் சிராய். மேலிருந்து கொளுத்துங்கள். கீழே கிளம்பும் புகை தீயைத் தாண்டித்தானே போக வேண்டும், அதுவும் எரிந்துவிடும். நல்ல சுவாலை நிலைத்த பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சுவாலை மங்கினால் கூடுதலாக மூடிவிட்டீர்கள் என்று பொருள். ராத்திரி முழுக்கப் புகையவிடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

சாம்பல்பூனை:
கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் கதவைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிற்றை மாற்ற வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாம்பலை அடியில் விட்டுவைத்தால் தணல் நன்றாக நிற்கும். அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் வீட்டுக்கு வெளியே வையுங்கள், உள்ளே நாள்கணக்கில் கங்கு இருக்கும்.

புதுத்தணல்:
மீட்டர் வந்தது. வெளியே 19, பிளந்த முகத்தில் 31! இந்தக் குளிர்காலத்துக்கு என்ன செய்வது?

கோடாலிக்காம்பு:
அந்தக் கட்டைகளை இப்போது எரிக்காதீர்கள். இன்னும் சிறியதாகப் பிளந்து, வெயிலும் காற்றும் படுகிற இடத்தில் அடுக்கிவிடுங்கள். இந்த வருடத்துக்குக் காய்ந்த விறகோ, அழுத்திய மரத்தூள் கட்டையோ வாங்குங்கள். பெயின்ட் அடித்த பலகை வேண்டவே வேண்டாம். அதற்கும் முன்னால் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆளைக் கூப்பிடுங்கள். அதுவரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். அறைக்குள் புகை வருகிறதென்றால் குழாய் அடைத்திருக்கலாம். அப்போது சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, அலாரம் மாட்டியிருக்கிறீர்களா?

புதுத்தணல்:
இல்லை அண்ணா. இன்றே வாங்கி மாட்டுகிறேன். குழாய் சுத்தம் செய்கிறவர் வியாழக்கிழமை வருகிறார்.