ஏற்காட்டு மண்ணில் படிந்த சீசியத்தைக் கைகர் மீட்டரால் கணக்கிட முடியுமா?

கேள்வி: பகோடா பாயிண்ட் பாறைமேல் என் கைகர் மீட்டர் (கதிர்வீச்சை அளக்கும் கருவி) மணிக்கு 0.18, எங்கள் காபித் தோட்டத்தில் 0.11 மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு) காட்டுகிறது. பழைய அணுகுண்டு சோதனைகளிலிருந்து வந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் எவ்வளவு படிந்திருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லலாமா?

பதில் 1: முடியாதுங்க. பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே பொட்டாசியம், யுரேனியம், தோரியம் இருக்கிறது, அவையும் கதிர் வீசும், அந்த அளவு இடத்துக்கு இடம் மாறும். சதுர மீட்டருக்கு 1000 பெக்கரல் (நொடிக்கு 1000 அணுச்சிதைவு) சீசியம் படிந்திருந்தாலும் ஒரு மீட்டர் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 0.002 மைக்ரோசீவர்ட்தான் கூடும், மீட்டரில் எண் தாவும் தாவலிலேயே அது காணாமல் போய்விடும்.

பதில் 2: காமா கதிர்களை ஆற்றல் வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவி வேண்டும், அதில் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் எழும் முகடுதான் சீசியத்தின் அடையாளம். மண் எடுப்பதானால், சோதனைப் படிவு உச்சத்தில் இருந்த 1963-க்கு முன்பிருந்தே கொத்தாத, மழை அரிக்காத சமதளமாகப் பாருங்கள். காபிக்குக் குழி வெட்டிய இடம் வேண்டவே வேண்டாம்.

கேட்டவர்: சரிங்க, தாத்தா காலத்திலிருந்து மண்வெட்டி படாத புல்மேடு ஒன்று இருக்கிறது, அங்கே எடுக்கிறேன்.