கோதுமை கலக்காத பெருங்காயம்: அளவு சொல்ல முடியுமா?

வணக்கம். என் மகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. சப்பாத்தி, ரவை, மைதா எல்லாவற்றையும் ஒதுக்கியும் வயிற்று உப்புசம் முழுதாக நிற்கவில்லை. ஒரு நாள் தற்செயலாகப் பெருங்காய டப்பாவைத் திருப்பினால், பின்பக்கம் பொடி எழுத்தில் கோதுமை மாவு! தூளில்தான் கலப்பு, கட்டி சுத்தம் என்று இருந்தேன். கட்டியிலும் மாவும் வேலம் பிசினும் சேர்த்துத்தான் பிசைகிறார்கள்.

தேடி அலைந்து, ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் கலப்பில்லாத பிசின் 50 கிராம் வாங்கிவிட்டேன். செம்பழுப்பாக, மெழுகுபோல விரலில் ஒட்டுகிறது. மூன்று முறை சோப்புப் போட்டும் வாசம் போகவில்லை. இரண்டு டப்பாவுக்குள் அடைத்தும் பக்கத்திலிருந்த காப்பித்தூளில் ஏறிவிட்டது. (அந்தக் காப்பியைக் குடித்தவர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.) தண்ணீரில் உரைத்தால் பால்போல் வெளுக்கிறது. அயோடின் ஒரு சொட்டு விட்டேன், நீலமாகவில்லை. ஆகவே மாவு இல்லை என்று நம்புகிறேன்.

சிக்கல் அளவில்தான். பழைய பழக்கத்தில் சுண்டைக்காய் அளவு ரசத்தில் போட்டு, வாயில் வைக்க முடியாமல் கசந்துவிட்டது. நான்கு பேர் ரசத்துக்கு மிளகளவு போதுமா? எண்ணெயில் பொரிப்பதா, ஊறவைத்த நீரை ஊற்றுவதா? அரிசி மாவு சேர்த்து வீட்டிலேயே தூளாக்கியவர்கள் இருந்தால், எந்த விகிதத்தில் கலந்தீர்கள், எப்படிக் காயவைத்தீர்கள் என்று எழுதுங்கள்.