பழையபேட்டை நம்ம தெரு: வாட்ஸ்அப் குழு

*சனிக்கிழமை*

*டீச்சர், மாலை 6:40*
எல்லோருக்கும் வணக்கம். நேற்றுக் கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக எழுதுகிறேன். மே 18 உலக அருங்காட்சியக நாள். அன்று நம் சமுதாயக் கூடத்தில் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறோம். பிற ஊர்களிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள் கூடவே கொண்டுவந்த பொருள்களும், அவர்கள் வந்த கதையும்தான் கண்காட்சி. வீட்டுக்கு ஒரு பொருள் போதும். விலை முக்கியமில்லை.

*அண்ணாச்சி கடை, 6:52*
நல்ல காரியம் டீச்சர். ஆனால் யாரை வெளியூர் என்று கணக்கு வைப்பது? நான் திருநெல்வேலிப் பக்கம். என் பிள்ளைகள் மூன்று பேரும் பிறந்ததே இங்கேதான்.

*கிரானைட் தம்பி, 6:55*
கூடத்தில் ஒரு பக்கம் உள்ளூர், இன்னொரு பக்கம் வெளியூர் என்று பிரித்துவிடலாமே. பார்க்க வருகிறவர்களுக்குச் சுலபமாகப் புரியும்.

*டீச்சர், 7:03*
அது மட்டும் வேண்டாம் தம்பி. பாராமகால் என்று அந்தக் காலத்தில் சொன்ன நம் கிருஷ்ணகிரிச் சீமை ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் மைசூரோடு இருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அதன் பிறகு கேப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து வரி போட்டார்கள். தெலுங்கு, கன்னடம், உருது, தமிழ் எல்லாம் நம் சந்தையில் இன்றும் ஒன்றாகத்தான் கேட்கிறது. எந்த வருடத்தில் கோடு போட்டு இவர் உள்ளூர், இவர் வெளியூர் என்று சொல்வீர்கள்? வந்த வருட வரிசையில் எல்லோரையும் ஒரே சுவரில் வைப்போம். என் பாட்டனார் கோலார் பக்கத்திலிருந்து வந்தவர். என் பெயரும் அந்தச் சுவரில்தான் வரும்.

*கிரானைட் தம்பி, 7:05*
சரி டீச்சர், அதுவே நன்றாக இருக்கிறது.

*மாடி வீட்டு அக்கா, 7:10*
பொருள் பக்கத்தில் ஒட்டும் குறிப்பை எல்லாம் டீச்சரே நல்ல தமிழில் எழுதித் தந்துவிடட்டும்.

*மியூசியம் சார், 7:21*
அதில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது அம்மா. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் விங் லூக் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆசிய நாடுகளிலிருந்து போய்க் குடியேறியவர்களைப் பற்றியது, 1967-ல் தொடங்கியது. அங்கே ஒரு கண்காட்சி என்றால் முதலில் அந்த மக்களிலிருந்தே ஒரு குழுவைக் கூட்டுவார்கள். எதை வைப்பது, எதைச் சொல்வது என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். அருங்காட்சியக ஊழியர்கள் கூட இருந்து உதவுவார்கள், அவ்வளவுதான். அமிர்தசரஸில் 2017-ல் திறந்த, 1947 இந்தியா–பாகிஸ்தான் பிரிவினை பற்றிய அருங்காட்சியகத்திலும் மக்கள் தங்கள் வீட்டிலிருந்து கொடுத்த பொருள்கள்தான் நம்மை நிற்க வைக்கும். நான் வேலை பார்த்த காலத்தில் நாங்களே எழுதி நாங்களே மாட்டினோம். வீட்டுக்காரர் வாயால் சொன்னதற்கு இருக்கும் உயிர் அதில் வராது.

*டீச்சர், 7:24*
சார் சொல்வதுதான் சரி. பிள்ளைகள் போனில் பதிவு செய்யட்டும். பேசும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் சத்தம்தான் பெரிதாக விழும். எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் ஒட்ட வேண்டும்.

*டைலர் பாய், 7:40*
📷 புகைப்படம்
எங்கள் தாதியம்மாவின், அதாவது அப்பாவின் அம்மாவின், பான்தான். வெற்றிலைப் பெட்டிதான், பித்தளை. மூடியைத் திறந்தால் மேல்தட்டில் சுண்ணாம்பு, காசுக்கட்டி, பாக்கு, ஏலக்காய் என்று தனித்தனிக் கிண்ணம். அதைத் தூக்கினால் கீழே வெற்றிலை வைக்க இடம். சுண்ணாம்புக் கிண்ணத்தின் ஓரம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. ஆற்காட்டிலிருந்து வரும்போது மடியில் வைத்துக்கொண்டு வந்தார்களாம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று தரட்டுமா?

*மியூசியம் சார், 7:42*
வேண்டாம் பாய்! தேய்க்கவே வேண்டாம். உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். அந்தச் சுண்ணாம்புக் கறைதான் அவர்கள் கைபட்ட அடையாளம்.

*டைலர் பாய், 7:45*
சரி சார். ஒன்று சொல்லிவிடுகிறேன். தாதியம்மாவின் போட்டோவை மாட்ட வேண்டாம். வீட்டில் பெண்கள் விரும்பவில்லை.

*டீச்சர், 7:46*
கட்டாயம் மாட்ட மாட்டோம் பாய்.

*சிலோன் பாட்டி பேரன், 8:02*
ஆயாவிடம் கேட்டேன். கொழுந்துக்கூடையைத் தருகிறார். இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தது. 1964-ல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, முறை வந்தபோது தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரம், மண்டபம் முகாம் வழியாக வந்திருக்கிறார்கள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டித்தான் சுமப்பார்களாம். கயிறு அழுத்திய இடத்தில் இன்றும் ஆயாவுக்கு முடி குறைவு, தொட்டுக் காட்டினார். பாஸ்போர்ட்டைத் தர மாட்டேன் என்கிறார். அது தலையணைக்கு அடியிலேயே இருக்க வேண்டுமாம்.

*டீச்சர், 8:06*
இருக்கட்டும் தம்பி. கூடை போதும். ஆயா என்ன சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்.

*மாடி வீட்டு அக்கா, 8:09*
ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களையும் இதோடு சேர்த்துவிடலாமா?

*மியூசியம் சார், 8:15*
சேர்க்கலாம், ஆனால் ஒரே பலகையில் வேண்டாம். ஆயா ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமையோடு வந்தவர். முகாம்களில் இருப்பவர்கள் 1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்கள். பலர் நாற்பது ஆண்டாகக் குடியுரிமைக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் எழுதக் கூடாது. முதலில் போய்ப் பார்ப்போம். விருப்பம் என்றால் அவர்களில் இருவர் நம் குழுவுக்குள் வரட்டும்.

*டீச்சர், 8:17*
திங்கட்கிழமை நானும் உங்களோடு வருகிறேன் சார்.

*அண்ணாச்சி கடை, 8:30*
என் கடை வாசலில் பானிபூரி போடும் தம்பி கேட்கிறான். கான்பூர் பக்கம். “போன வருடம் வந்தவன் பொருளையெல்லாம் வைப்பீர்களா” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். தட்டுக்கூடையை வைக்கிற பிரம்பு ஸ்டாண்டு, இடுப்பு குறுகி மேலும் கீழும் விரிந்திருக்குமே, அதை ஊரிலிருந்தே ரயிலில் தூக்கி வந்திருக்கிறான்.

*டீச்சர், 8:33*
வைப்போம் அண்ணாச்சி! மாம்பழக்கூழ் தொழிற்சாலையிலும், கல் பாலிஷ் பட்டறையிலும் அவன் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் இல்லாமல் இந்தக் கண்காட்சி முழுமையாகாது. அவன் இந்தியில் சொல்லட்டும், டைலர் பாய் தமிழில் எழுதித் தருவார்.

*டைலர் பாய், 8:34*
எழுதித் தருகிறேன். நாளைக் காலை அவனைக் கடைக்கு அனுப்புங்கள்.

*மியூசியம் சார், 8:41*
பொருள் வாங்கும்போது ஒரு நோட்டில் பெயர், பொருள், இருக்கும் கீறல் உட்பட எல்லாம் எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வோம். இரவல்தான், முடிந்ததும் திரும்பிவிடும் என்றும் எழுத வேண்டும். பழைய கடிதம், பத்திரம் எதையும் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள், செலோ டேப்பும் வேண்டாம். நகலை மாட்டுவோம், அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

*அண்ணாச்சி கடை, 8:50*
அப்போ என் கல்லாப்பெட்டியைத் தருகிறேன். அப்பா திருநெல்வேலியில் செய்து கொடுத்தது. அன்றைக்கு ஒரு நாள் காசை பிஸ்கட் டின்னில் போட்டுக்கொள்கிறேன். வந்த வருடம் 1981 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

*டீச்சர், 8:52*
குறித்துக்கொண்டேன் அண்ணாச்சி. நாளைப் பத்து மணியிலிருந்து கூடம் திறந்திருக்கும். சாவி மாடி வீட்டு அக்காவிடம். இரண்டு நீள மேசை யார் வீட்டில் இருக்கிறது?

*கிரானைட் தம்பி, 8:53*
ஒன்று எங்கள் பட்டறையில் இருக்கிறது. ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன்.