மறு: வெர்டிசில்லாஸ்டருக்குத் தமிழில் என்ன?

> ‘வட்டமஞ்சரி’ என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா,

துளசி, தும்பை போன்ற செடிகளில் கணுதோறும் தண்டைச் சுற்றித் தெரியும் பூக்கொத்துதான் வெர்டிசில்லாஸ்டர். அதற்கு வட்டமஞ்சரி என்ற பெயர் வேண்டாம் என்பேன். காரணம் ஏற்காட்டில் எங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

சில வருடங்களாக லியோனோட்டிஸ் லியோனூரஸ் வளர்த்து வருகிறேன். தென்னாப்பிரிக்கச் செடி, துளசி, தும்பை, புதினாவின் குடும்பம். ஆளுயரத் தண்டில் கணுவுக்குக் கணு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூப்பந்து. பந்துகளைக் கம்பியில் கோத்த மாதிரி இருக்கும்.

நேற்று ஒரு பந்தைத் தண்டோடு பிளேடால் பிளந்து பார்த்தேன். உள்ளே வட்டம் எதுவும் இல்லை. எதிரெதிரே இருக்கும் இரண்டு இலைகளின் கக்கத்திலும் தனித்தனிக் கொத்து. ஒவ்வொன்றிலும் நடுப்பூ முந்திக்கொள்கிறது, பக்கத்துப் பூக்கள் அப்புறம்தான். இரண்டு கொத்தும் தண்டைச் சுற்றி நெருக்கியடித்து முட்டிக்கொள்வதால் வெளியிலிருந்து வட்டமாகத் தெரிகிறது, அவ்வளவே. வட்டமஞ்சரி என்று சொல்லிக்கொடுத்தால், பூக்கள் ஒரே வளையமாக முளைக்கின்றன என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

வெர்டிசில்லாஸ்டரின் இலத்தீன் மூலச்சொல், நூல் நூற்கும் தக்களியின் வட்டைக் குறிப்பது. நெசவு ஊரான சேலத்தில் பிறந்த எனக்கு ‘தக்களிக்கொத்து’ மிகவும் பிடித்தது. ஆனால் அதுவும் வெளித்தோற்றத்தைத்தான் சொல்கிறது.

நான் முன்பு எழுதிய ‘கணுச்செண்டு’ம் சரிவரவில்லை. அந்த ஆரஞ்சுப் பந்தை மட்டும் பார்த்துச் சூட்டிய பெயர் அது. துளசிக் கதிரை எடுத்துப் பாருங்கள்: கணுவுக்கு ஆறு பூ, பக்கத்துக்கு மூன்று. அதை யாரும் செண்டு என்று சொல்ல மாட்டார்கள்.

எனவே ‘எதிரிணர்’ என்று முன்வைக்கிறேன். இணர் என்றால் பூங்கொத்து; குறளிலேயே உண்டு. ‘எதிரிலை’ மாணவர்களுக்குப் பழகிய சொல், ஆகவே எதிர் என்றதும் ஒரே கணுவில் நேருக்கு நேர் என்று புரிந்துவிடும். பந்தாக இருந்தாலும் ஆறே பூவாக இருந்தாலும் பொருந்தும்.

தோட்டக்காரர்களுக்கும் இந்தச் சொல் வேண்டும். போன முறை அடிப்பந்து காய்ந்ததும், பூ முடிந்துவிட்டது என்று உதவிக்கு வந்த தம்பி தண்டையே வெட்டிவிட்டான். மேலே இன்னும் மூன்று கணுவில் மொட்டு இருந்தது. தேன்சிட்டுகள் வந்து வந்து திரும்பின. ‘அடி எதிரிணர் காய்ந்தாலும் நுனி எதிரிணர் மலரும் வரை தண்டில் கை வைக்காதே’ என்று இப்போது ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்.

தும்பை எல்லா ஊரிலும் கிடைக்கும். ஒரு கணுவைப் பிளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.