துகும் – சலாலா கடலோர ரோடு: ஆடி மாசம் பைக்ல போகலாமா?

உச்சிப்புளி ரைடர்:
எல்லாருக்கும் வணக்கம். ஓமன்ல, மஸ்கட்ல இருக்கிற மச்சான் ஆடிக்கு வரச் சொல்றான். அங்கேயே வாடகைக்கு பைக் எடுத்து துகும், லக்பி, ஷுவைமியா, ஹாசிக்னு கடலை ஒட்டியே சலாலா போகணும்னு ரொம்ப நாள் ஆசை. இங்கே ஹிமாலயன் பைக் ஓட்டுறேன். தொண்டிக்கும் சாயல்குடிக்கும் போய் வந்த பழக்கம்தான். ஆளே இல்லாத ரோடுன்னு சொல்றாங்க. எதுக்குப் பயப்படணும்?

கீழக்கரை காக்கா:
தம்பி, ஆடி வேண்டவே வேண்டாம். ஜூன் கடைசியில இருந்து செப்டம்பர் வரை அங்கே கரீஃப், அதாவது பருவமழைக் காலம். சலாலா பச்சைப்பசேல்னு இருக்கும், அதான் மச்சான் கூப்பிடுறாரு. காருக்கு அது சரி. நம்ம ஊர்ல கச்சான்னு சொல்ற அதே தென்மேற்குப் பருவக்காத்து, சலாலாவை ஒட்டி இருக்கிற தோஃபார் மலையில மோதி மூட்டமும் தூறலுமா நின்னுடும். முன்னாடி போற வண்டி தெரியாது, தார் வழுக்கும். துகும் பக்கம் தூறல் கிடையாது, காத்து மட்டும்தான். நீங்க போற திசையும் தென்மேற்கு, அதனால எதிர்க்காத்து. ரோடு முழுக்க மணலை இழுத்துப் போட்டிருக்கும். மே மாசமும் நம்ப முடியாது. 2018 மே கடைசியில மேகுனு புயல் சலாலாவைப் புரட்டிப் போட்டுச்சு. டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள வாங்க.

நான் பல வருஷமா மஸ்கட்லதான் வேலை பார்க்கிறேன். அந்த ரோட்டுல தார் மேல இருக்கிற வரைக்கும் பெரிசா பயமில்லை. இறங்கினாத்தான் ஆபத்து. துகுமுக்கு வடக்கே கடலோரத்துல பர் அல் ஹிக்மான் பக்கம் சப்கா உண்டு, அதாவது உப்புப் படிஞ்ச சேத்து நிலம். வாலிநோக்கம் உப்பளப் பாத்தி மாதிரி மேல வெள்ளையா காஞ்சு கிடக்கும், கீழே சேறு. ஜீப் தடம் தெரியுதேன்னு நம்பி இறங்காதீங்க. இருநூறு கிலோ வண்டியைத் தனியாளா அதுல இருந்து தூக்க முடியாது.

பொழுது சாய்ஞ்சா ஓட்டாதீங்க. ஒட்டகம் ரோட்டுலயே படுத்துக் கிடக்கும், கிட்டப் போற வரைக்கும் தெரியாது. பெட்ரோல் பங்க் கண்ணுல பட்டா அரை டேங்க் இருந்தாலும் நிரப்பிடுங்க.

ஷுவைமியா – ஹாசிக் துண்டுக்கு ஒரு முழுப் பகல் ஒதுக்குங்க. மலையை வெட்டிப் போட்ட ரோடு, கீழே கடல். நம்ம பக்கம் பிறந்தவன் கடல் ஓரத்துல மலையைப் பார்த்திருக்க மாட்டான். நிறுத்தி நிறுத்திப் போங்க தம்பி.

மண்டபம் மெக்கானிக்:
காக்கா சொன்ன மணலுக்கு இங்கேயே பழகலாம். முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை ரோட்டுல காத்துக் காலத்துல மணல் ஏறிக் கிடக்கும். மணல் வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடணும். மேல ஏறின பிறகு முன் பிரேக்கைத் தொடக்கூடாது. ஹேண்டிலை நேரா வச்சு, ஒரே சீரா ஆக்ஸிலேட்டர் கொடுத்துத் தாண்டணும். இன்னொண்ணு, ஓமன்ல வலப்பக்கம் ஓட்டணும். ரவுண்டானாவுல வண்டி இடது கைப் பக்கம் இருந்து வரும். முதல் நாள் மஸ்கட் சந்தடிக்குள்ள ஓட்டாதீங்க.

உச்சிப்புளி ரைடர்:
மச்சான்கிட்ட பேசிட்டேன், தைக்கு மாத்தியாச்சு. லைசென்ஸுக்கு என்ன செய்யணும் காக்கா?

கீழக்கரை காக்கா:
ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பெர்மிட் எடுங்க. ஒரு வருஷம்தான் செல்லும், அதனால இப்பவே எடுக்காம கார்த்திகை வாக்கில எடுங்க. அதுல பைக்குக்கும் சேர்த்துப் போட்டிருக்கான்னு கையில வாங்கும்போதே பாருங்க. அவசரத்துக்கு அங்கே 9999. சிக்னல் இல்லாத இடம் வரும், எந்த ஊர்ல ராத்தங்கல்னு மச்சான்கிட்ட தினம் காலையிலேயே சொல்லிட்டுக் கிளம்புங்க.